பத்தொன்பதாவது கால்

பாரடைஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பார்க்லேன் பக்கம் நடந்தால் செனாய் டிரேட் சென்டர் வரும். செகந்திராபாத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்பவர்கள் குறைவு. சிடிசி என்றால் போதும். கணினி வாங்கவோ, பழுது பார்க்கவோ ஹைதராபாத்காரர்கள் முதலில் நினைப்பது இந்தக் கட்டடத்தைத்தான். மாடிக்கு மாடி நெருக்கியடித்த சிறு கடைகள். பல கடைகளின் பெயர்ப்பலகையில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்ற சொல் இருக்கும். கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையை மாற்றித் தருவதோடு நிற்காமல், அதன்மேல் உள்ள சின்னஞ்சிறு பாகத்தையும் மாற்றுவோம் என்பது அதற்கு அர்த்தம்.

என் தோள்பையில் பழைய போர்வையில் சுற்றிய பிளேஸ்டேஷன் 4 இருந்தது. அக்கா மகனுடையது. மூன்று மாதத்துக்கு முன் வீட்டில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடியபோது டிவி கேபிளில் ஒருவனுக்குக் கால் தடுக்கியது. பெட்டி மேசையிலிருந்து சரிந்தது. அன்றிலிருந்து விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லை. வீட்டருகே ஒரு கடையில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ‘போர்டு போய்விட்டது’ என்று பெட்டி திரும்பி வந்தது. அக்கா அதைப் பரணில் போட்டுவிட்டாள். பையன் மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பரணைப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. வந்த இடத்தில் வேலையைப் பார்த்துவிட்டு, ‘இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?’ என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள்.

கடையில் இரண்டே பேர். ஐம்பதைத் தாண்டியவரை மற்றக் கடைக்காரர்கள் ‘உஸ்தாத்’ என்கிறார்கள். அவரிடம் ஆறு வருடமாக வேலை கற்கும் இளைஞர் மைக்ரோஸ்கோப்பை விட்டு அதிகம் நகர்வதில்லை. உஸ்தாத் பேசுவது தக்கணி உருது, இளைஞர் பேசுவது தெலுங்கு. என்னை இளைஞர் ‘அன்னா’ என்று அழைத்தார். எங்கள் இரு மொழிக்கும் பொதுவான அந்த ஒரு சொல்லால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு என் அரைகுறை இந்தி.

முதலில் வந்தவர் மாதாப்பூர் பக்கம் மென்பொருள் வேலையில் இருப்பவர். வீடு மாறியதிலிருந்து தன் பெட்டியில் படம் வரவில்லை என்றார். கடையின் சிறிய திரையில் மாட்டினார்கள். அதிலும் கறுப்பு. நானாக இருந்தால் திருப்புளியைத் தேடியிருப்பேன். உஸ்தாத் கையைக் கட்டிக்கொண்டு, ‘முன்னால் எந்த டிவியில் போட்டீர்கள்? இப்போது எதில் போடுகிறீர்கள்?’ என்று விசாரித்தார். முன்பு நண்பரின் 4கே டிவி, இப்போது பழைய டிவி. பெட்டியை முழுதாக அணைத்து, பவர் பட்டனை ஏழு விநாடிபோல் அழுத்திப் பிடித்தார். இரண்டாவது ‘பீப்’ கேட்டதும் விட்டார். கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயரால் இணைத்தார். சேஃப் மோட் பட்டியல் திரையில் வந்தது. அதில் ரெசல்யூஷனை மாற்றும் வரியைத் தேர்ந்ததும் படம் வந்துவிட்டது. பெரிய திரைக்கென்று நிலையாக வைத்த அளவைச் சின்னத் திரையால் ஏற்க முடியவில்லை, அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. ‘பெட்டியைத் திறக்கவே இல்லையே, எதற்குக் காசு?’ என்றார்.

‘நோ டிஸ்ப்ளே’ என்று ஒரே பெயரில் வரும் புகாருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. கேபிள், டிவியின் துளை, அமைப்பு, பெட்டியின் ஹெச்டிஎம்ஐ போர்ட், அதன் பின்னால் உள்ள சிப், எல்லாவற்றுக்கும் பின்னால் பிரதானச் சிப். விலையில்லாத காரணத்திலிருந்து தொடங்கி விலை கூடிய காரணத்தை நோக்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போவதுதான் உஸ்தாத்தின் முறை. சூடு காட்டுவது கடைசியில். ‘சூடு வைத்த பலகை முன்னைப்போல் இருக்காது’ என்று அன்றைக்கு மூன்று முறை சொன்னார்.

அதில் உண்மை இருக்கிறது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் முகப்பில் சிவப்பு வளையம் காட்டிக் கூட்டம் கூட்டமாக நின்றுபோயின. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அந்த நாட்களில் உலகெங்கும் ஆட்கள் பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற்றிப் பார்த்தார்கள். சில பெட்டிகள் உயிர்பெற்றன. சில நாளில் மறுபடி படுத்தன. சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சிப்பின் உறைக்குள்ளேயே இணைப்புகள் விட்டுப்போனதுதான் காரணம் என்று 2021இல் வந்த எக்ஸ்பாக்ஸ் வரலாற்று ஆவணப்படத்தில் அந்நிறுவனத்தாரே விளக்கினார்கள். காரணம் தெரியாமல் காட்டிய சூடு, நோயைச் சில நாள் மறைத்தது. உஸ்தாத்திடமும் அப்படிப்பட்ட பெட்டிகள் நிறைய வந்தனவாம். ‘அப்போது நானும் சூடு காட்டி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்தபோதுதான் புத்தி வந்தது’ என்றார்.

அவர் தொழில் கற்றது கோட்டியில், தாய்மாமன் டிவி கடையில். ஹைதராபாத்துக்கு டிவி பழுது பார்ப்பதில் பழைய பரிச்சயம் உண்டு. 1967இல் அணுசக்தித் துறையின் கீழ் இங்கே தொடங்கிய இசிஐஎல் நிறுவனம், கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வீட்டு டிவியும் செய்தது. இசிடிவி என்ற பெயர் அந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். இசிஐஎல்லை உருவாக்கிய ஏ.எஸ்.ராவின் பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதியே இருக்கிறது. மாமன் கடையில் இசிடிவிகளின் முதுகைக் கழற்றி வளர்ந்தவர் உஸ்தாத். பிறகு டிவி கேம்கள் வந்தன. நின்டெண்டோவின் பெட்டி இந்தியாவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது. அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள் ஏராளம். ஆன்டெனா துளையில் ஒயரைச் செருகி, சரியான சேனல் கிடைக்கும்வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் படம் உருளும், அல்லது நிறம் வராது. அங்கே என்டிஎஸ்சி, இங்கே பால் முறை. ‘அன்றைக்கும் இதே புகார்தான், படம் வரவில்லை’ என்று சிரித்தார். ‘ஆனால் அன்று டிவியோடு சர்க்யூட் படம் கொடுப்பார்கள்.’

மதியத்துக்குப் பிறகு என் பெட்டியின் முறை. கேபிள் மாற்றினார்கள், திரை மாற்றினார்கள், சேஃப் மோட் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. பிறகுதான் திறந்தார்கள். பலகையை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்ததும் இளைஞர் உச்சுக் கொட்டினார். போர்ட் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. சுற்றிலும் கருகிய ஃப்ளக்ஸ். அருகிலிருந்த பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்று உருகி வளைந்திருந்தது. பழுது பார்க்கவே இல்லை என்று நாங்கள் நினைத்த பெட்டிக்கு ஒருவர் அவசரமாகச் சூடு காட்டியிருக்கிறார். அதைச் சொல்லாமலே திருப்பித் தந்திருக்கிறார்.

ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பத்தொன்பது கால்கள். முதல் பன்னிரண்டும் படத்துக்கானவை: மூன்று ஜோடி தரவு, ஒரு ஜோடி கடிகாரத் துடிப்பு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காப்பு. பதினைந்தும் பதினாறும் டிவியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் வழி. பதினெட்டாவது காலில் பெட்டி ஐந்து வோல்ட் அனுப்புகிறது. டிவி இருந்தால் பத்தொன்பதாவது கால் வழியாக ‘வந்துவிட்டேன்’ என்று பதில் வரும். அதன் பிறகுதான் டிவி தன் அளவுகளைச் சொல்லும், திருட்டுப் பிரதியைத் தடுக்கும் சாவிகளை இரண்டும் சரிபார்த்துக்கொள்ளும், படம் கிளம்பும். பதில் வராவிட்டால், எதிரில் எவ்வளவு பெரிய டிவி நின்றாலும் பெட்டிக்கு அது தெரியாது.

மல்டிமீட்டரை டயோட் மோடில் வைத்து, சிவப்பு முனையைத் தரையில் தொட்டு, கறுப்பு முனையால் ஒவ்வொரு காலாகத் தொட்டார் இளைஞர். எண்களை வாய்விட்டுச் சொன்னார். படம் போகும் எட்டுக் கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்தது. உஸ்தாத் முகம் தெளிந்தது. போர்ட்டுக்குப் பின்னால் இருந்து படத்தை அனுப்பும் பானசோனிக் சிப் பிழைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4இல் அதன் பெயர் எம்என்86471ஏ. ஸ்லிம், ப்ரோவில் எம்என்864729, பிளேஸ்டேஷன் 5இல் எம்என்864739. எண்களை வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போலச் சொல்கிறார்கள். எட்டில் ஒரு கம்பி தப்பான எண் காட்டினாலும் சிப்பைச் சந்தேகிப்பார்களாம்.

பத்தொன்பதாவது காலைத் தொட்டபோது மீட்டர் ‘ஓஎல்’ என்றது. வழி இல்லை.

அன்று மாலை இளைஞரோடு கோட்டிக்குப் போனேன். அமீர்பேட்டையில் ரயில் மாறி, உஸ்மானியா மெடிக்கல் காலேஜ் நிலையத்தில் இறங்கினோம். குஜராத்தி கல்லி முழுக்க எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள். முதல் மாடலுக்கான போர்ட் வேறு, ஸ்லிம்முக்கானது வேறு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, காலில் விரலை ஓட்டிப் பார்த்து வாங்கினார். சிப் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டுமாம். குப்பைப் பலகையிலிருந்து பிடுங்கி, மெருகேற்றிப் புதுசு என்று விற்பவர்களும் உண்டு. டீக்கடையில் இரானி சாயா குடிக்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். பகல் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கண்ணுக்குச் சாலை சற்று நேரம் கலங்கித் தெரியுமாம். கழுத்து வலி தனி. இந்தக் கைவேலைக்குச் சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. ஆறு வருடம் உஸ்தாத் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் படிப்பு.

மறுநாள் வேலை தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பாகங்களைச் சூடு தாக்காதபடி காப்டன் டேப்பால் மூடினார். பலகையை அடியிலிருந்து மெல்லச் சூடாக்கும் தட்டில் வைத்தார். இப்போதைய பெட்டிகளில் ஈயம் கலக்காத பற்று (சால்டர்). ஏறத்தாழ 217 டிகிரியில்தான் இளகும். பழைய ஈயப் பற்று 183இலேயே இளகிவிடும். அதனால் முதலில் ஒவ்வொரு காலிலும் ஈயப் பற்றைக் கலந்து இளகும் புள்ளியை இறக்குகிறார்கள். பிறகு சூடான காற்று. இழுக்கக் கூடாது, தானாக நழுவும்வரை காத்திருக்க வேண்டும். போன முறை வேலை செய்தவர் காத்திருக்கவில்லை. போர்ட்டோடு சேர்ந்து செம்புத் தடமும் பிய்ந்து வந்திருந்தது. பத்தொன்பதாவது காலின் இடத்தில் வெறும் பலகை.

இளைஞர் பலகையின் பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி, பிய்ந்த தடம் அடுத்துப் போய்ச் சேரும் சிறு பாகத்தைக் கண்டுபிடித்தார். மயிரிழைபோல ஒரு செம்புக் கம்பி. ஒரு நுனியை அந்தப் பாகத்தில் பற்றவைத்து, மற்ற நுனியைப் புதுப் போர்ட்டின் கடைசிக் காலில் சேர்த்தார். அந்த நிமிடங்களில் உஸ்தாத் மேசைப் பக்கத்து விசிறியை நிறுத்திவிட்டார். கடைக்கு வந்த ஒருவரை வாசலிலேயே கையமர்த்தினார். கம்பிமேல் பச்சைப் பசையை ஒரு துளி விட்டுப் புற ஊதா விளக்கில் இறுக்கினார்கள். மறுபடி பத்தொன்பது எண்களையும் எடுத்தார்கள். இந்த முறை பத்தொன்பதுக்கும் ஓர் எண் வந்தது.

மூடாமலே இணைத்தார்கள். வெள்ளை விளக்கு வந்தது. திரை சில விநாடி கறுப்பாகவே நின்றது. பிறகு நீலம் விரிந்தது. அதில் அக்கா மகன் தனக்கு வைத்திருந்த பெயர். நான் எழுந்துவிட்டேன். உஸ்தாத் எழவில்லை. கேபிளைப் பத்து முறை பிடுங்கி மாட்டினார், வேறு டிவியில் பார்த்தார், மூன்று மணி நேரம் ஓடவிட்டார்.

இங்கே வராமல் இருந்திருந்தால் இந்தப் பலகை பரணிலிருந்து பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். வேறு பலகையை வாங்கி மாட்டலாமே என்றால், பிளேஸ்டேஷன் 4இன் டிஸ்க் டிரைவ் தன் சொந்தப் பலகையோடு மட்டுமே பேசும்; மாற்றினால் டிஸ்க் படிக்காது. பலகையைக் காப்பாற்றினால்தான் பெட்டியைக் காப்பாற்ற முடியும். அதைக் காப்பாற்றும் கைகளுக்குச் சர்க்யூட் வரைபடம் தரப்படுவதில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. கைபேசியும் டிராக்டரும் மிக்ஸியும் அந்தப் பேச்சில் இருக்கின்றன. இந்த மேசையும் அந்தப் பேச்சுக்குள் வர வேண்டும். சரியான எண் எது என்று எழுதிய ஒரு தாள் முதலில் சூடு காட்டியவரிடம் இருந்திருந்தால், அவரும் பொறுமையாக அளந்து பார்த்திருக்கக்கூடும்.

வரைபடம் இல்லாத குறைக்கு உஸ்தாத் ஒரு வழி வைத்திருக்கிறார். மேசை இழுப்பறையில் கோடு போட்ட தடித்த நோட்டு. நல்ல பலகை எது கைக்கு வந்தாலும், மூடுவதற்கு முன் ஒவ்வொரு காலாகத் தொட்டு எண்களை அதில் எழுதிக்கொள்கிறார்கள். மாடலுக்கு ஒரு பக்கம். முன்பக்கங்கள் உருதுவில், உஸ்தாத் கையெழுத்து. பின்பக்கங்கள் தெலுங்கில். என் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தபோது இளைஞர் அந்த நோட்டை விரித்தார். முதல் மாடல் பக்கத்தின் கீழே, பத்தொன்பதாவது தடம் பிய்ந்தால் கம்பியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஒரு சின்னப் படம் வரைந்து, தேதி போட்டார்.