பெடியனின் தோள்

அவுஸ்திரேலியன் ரூல்ஸ் உதைபந்தில் கடைசியா வந்த அணிக்குத்தான் ட்ராப்டில் முதல் தெரிவு. 2023இல் மூன்றே மெட்ச் வென்ற வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அப்படித்தான் ஹார்லி ரீட்டை எடுத்தது. விக்டோரியாவின் டொங்காலா எண்ட சின்ன ஊர்க்காரன். 18 வயசு மிட்பீல்டர். கண்டத்தின் மறுகரையில் இருக்கிற பேர்த்துக்குப் போனான்.

பிடிக்க வாறவனை ஒரு கையால் தள்ளிவிட்டு ஓடுவான். நாங்கள் கத்தினோம். அதே முரட்டு வேகம் 2024இல் ஆபத்தான டேக்கிள் ஒன்றுக்காக இரண்டு மெட்ச் தடையாகவும் வந்தது. இளம் வீரர்களுக்கான ரைசிங் ஸ்டார் விருதுக்கான தகுதியும் அதோடு போச்சு. அந்த வருசம் அணி வென்றது ஐந்து.

ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடுற ஆட்டம் இது. பெடியனை வடிவா எடைபோட்டோம். அவன் தோளில் நாங்கள் ஏத்தின பாரத்தை எடைபோடவேயில்லை.