அனஸ் ஆடிய கிளப்புகள் எங்கே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். திண்ணையில் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்கு. பள்ளிக்கூடம் வேணாம், பந்து விளையாடப் போறேங்குறான். பெங்களூருல செலக்‌ஷனாம். பதினஞ்சாயிரம் கட்டணுமாம். தோட்டை அடகு வைக்கச் சொல்றான்."

பையனை எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு. ஸ்டாப்பர். வற்றிய குளத்துக்குள் கல்லை ஊன்றி கோல் போஸ்ட் வைத்து ஆடுகிற நம் பிள்ளைகளில் ஒருவன். ஊருக்குள் நல்ல திடல் இருக்கிறது. அதில் இவர்கள் தனி அணியாக இறங்கினால் பேச்சு வரும். அவர்கள் அணிக்கு ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடுவார்கள், அதுவும் பின்னால் நிற்க. நானும் அந்த வயதில் அப்படித்தான் பின்னால் நின்றேன். கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். தடுத்தவன் தண்ணீர் தேடிப் போவான்.

சாயங்காலம் பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

"அண்ணே, இவரைத் தெரியுமா? அனஸ் எடத்தொடிகா. டிஃபெண்டர்தான். ஆட்டோ ஓட்டுனவரு. ஒரு கோடிக்கு எடுத்தாங்கண்ணே."

அவன் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை அன்று இரவு ஒரு தாளில் எழுதினேன். அதையே இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அனஸ் 1987இல் பிறந்தவர். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டிக்காரர், எளிய முஸ்லிம் குடும்பம். அறுவடை முடிந்த வயலில்கூட 'செவன்ஸ்' என்னும் ஏழு பேர் ஆட்டம் நடக்கிற மாவட்டம் அது. இளம் வயதில் வீட்டுக்காக ஆட்டோ ஓட்டியிருக்கிறார். 2007இல் மும்பை எஃப்சி. 2011இல் புனே எஃப்சி. 2015இல் டெல்லி டைனமோஸ். அங்கே முதல் ஆண்டு பயிற்சியாளர் ராபர்ட்டோ கார்லோஸ், அடுத்த ஆண்டு சம்ப்ரோட்டா. இருவருமே உலகக் கோப்பை வென்ற தடுப்பாட்டக்காரர்கள். 2017இல் கொல்கத்தாவின் மோகன் பகான். அந்த ஆண்டு மார்ச் மாதம் கம்போடியாவுக்கு எதிராக முதல்முறை இந்தியச் சட்டை போட்டார். அப்போது அவருக்கு வயது 30.

அதே ஆண்டு ஜூலையில் ஐஎஸ்எல் ஏலம் மாதிரியான வீரர் தேர்வு நடந்தது. ஜாம்ஷெட்பூர் அணி அவரைத்தான் முதலில் எடுத்தது. தொகை 1 கோடியே 10 லட்சம். பையன் பார்த்த படம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ், ஏடிகே, மறுபடி ஜாம்ஷெட்பூர், கோகுலம் கேரளா என்று ஊர் ஊராக ஆடினார். 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயம் பட்டு வெளியேறினார். கடைசி நேரப் பெனால்டியில் இந்தியா தோற்றது. மறுநாளே இந்திய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். அதே ஆண்டு மறுபடி அழைத்தார்கள், போய் ஆடினார். ஆக, இந்தியாவுக்கு ஆட அவருக்குக் கிடைத்தது சில ஆண்டுகள்தான். அந்தச் சில ஆண்டுகளுக்கு முன்னால் பத்து ஆண்டு உழைப்பு இருக்கிறது.

இப்போது நான் உங்களிடம் கேட்க நினைப்பது இதுதான். அனஸ் ஆடிய கிளப்புகள் எங்கே?

மும்பை எஃப்சி 2017க்குப் பிறகு இல்லை. புனே எஃப்சி 2015இல் மூடப்பட்டது. டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. ஏடிகே 2020இல் மோகன் பகானோடு இணைக்கப்பட்டது. ஒரே ஒரு மனிதர் சட்டை போட்ட அணிகளில் நான்கு இப்படி ஆகிவிட்டன. நம் மாநிலத்திலும் நடந்தது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்றது. சில ஆண்டுகளில் தேசிய லீக்குகளிலேயே அந்த அணி இல்லை. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சில கிளப்புகள் வீரர்களுக்குச் சம்பளத்தையும் நிறுத்தின.

சமூகவியல் படித்ததால் எனக்கு இது பழக்கமான காட்சியாகத் தெரிகிறது. ஒப்பந்தம், ஏஜெண்ட், வெளியூர், உடம்பை நம்பிய வேலை, கம்பெனி மூடினால் அடுத்த ஊர். நம் தெருவிலிருந்து திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற அண்ணன்களின் கதையும் இதுதான். கால்பந்து வீரரை நாம் நட்சத்திரமாகப் பார்க்கிறோம். அவர் ஒரு புலம்பெயர் ஒப்பந்தத் தொழிலாளியும்கூட. அனஸ் மேலே வந்த கதையைப் பார்த்து வியக்கிற நாம், அவர் எதன்மேல் நின்றார் என்று பார்ப்பதில்லை.

அரசு வேலையாவது கிடைத்ததா? இந்தியாவுக்கு ஆடியவர் கேரள அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது, விதிப்படி தகுதி இல்லை என்று மறுக்கப்பட்டது. 2024இல் அங்கே அது பெரிய விவாதமானது. அதே ஆண்டு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் மலப்புறம் அணிக்காக அவர் மறுபடி களத்தில் இறங்கினார்.

சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அனஸ் தலித் இல்லை. அவர் கதையை நம் கதையாக மாற்றவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கிளப் மூடிய மறுநாள் ஒரு வீரர் எங்கே திரும்பிப் போகிறார் என்பதில் சாதி வருகிறது. நிலம் இருக்கிறவர் தென்னந்தோப்புக்குத் திரும்புவார். கடை இருக்கிறவர் கல்லாவில் உட்காருவார். கஜா புயலில் தோப்பு விழுந்தபோது நிவாரணம் மரத்துக்காரருக்குக் கணக்குப் பார்க்கப்பட்டது. அந்த மரத்தில் தேங்காய் பறித்துக் கூலி வாங்கியவருக்கு எந்தக் கணக்கும் இல்லை. விழுந்தால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாதவன்தான் முதலில் முழுதாக விழுகிறான். அவர்களுக்கு விளையாட்டு ஒரு முயற்சி. நம் பிள்ளைக்கு அது அம்மாவின் தோடு.

அதற்காக விளையாடாதே என்று நான் சொல்லவில்லை. "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று நம்மைப் பார்த்துச் சொல்ல ஊரில் ஏற்கெனவே போதுமான ஆள் இருக்கிறது. நாமும் அதையே சொல்லக் கூடாது.

நான் தாளில் எழுதி அவனிடம் கொடுத்தது இவ்வளவுதான். தேர்வுக்கு வரச்சொல்லி முன்பணம் கேட்கிறவனிடம் கிளப்பின் பெயரைக் கேள், அந்தக் கிளப்புக்கு நேரடியாகப் பேசு. ப்ளஸ் டூ பரீட்சையை எழுது. கல்லூரியில் சேர்ந்தால் பல்கலைக்கழகப் போட்டிகள் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பையில் ஆடு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி பற்றிப் புதுக்கோட்டை மாவட்ட அலுவலகத்தில் போய் விசாரி. சிறந்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் போட்டியின் சான்றிதழ் அதற்குச் செல்லும் என்பதை ஆடுவதற்கு முன்பே தெரிந்துகொள். எல்லாச் சான்றிதழையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வை. எந்த ஒப்பந்தத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. புரியாவிட்டால் என்னிடம் கொண்டு வா.

அவன் தாளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்:

"சரிண்ணே. எழுதுறேன். ஆனா குளத்துல தண்ணி வந்துட்டா எங்கண்ணே பிராக்டிஸ் பண்றது?"

அதற்கு என் தாளில் பதில் இல்லை. ஒப்பந்தத்தைப் படிக்க நான் அவனுக்குக் கற்றுத் தரலாம். ஊர்த் திடல் பொது இடம் என்பதை ஊருக்குக் கற்றுத் தருவது அவன் வேலை இல்லை, நம் வேலை. அடுத்த கிராம சபையில் முதல் மனு அதுதான். பிள்ளைகளின் பெயர்களோடு எழுதிவிட்டோம். கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆள் அந்த அம்மா. தோடு அவர் காதிலேயே இருக்கிறது.