கரப்பான் சம்ரட்சணை

கரப்பான் பூச்சியை ஒழிப்பது எப்படி என்று கேட்டால், நம் வீட்டுப் பெண்மணிகள் ஆளுக்கொரு உபாயம் சொல்வார்கள். அதை வளர்ப்பது எப்படி என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் வெகு சொற்பம். அந்தச் சொற்பப் பேரில் அடியேனும் ஒருவன். நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இந்த வித்தையை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து என் தலையில் விழுந்தது.

2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் நானும் என் சகதர்மிணியும் கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தைச் சேர்ந்த எடிஸன் என்னும் ஊரில் இருக்கும் எங்கள் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. பெண்ணும் மாப்பிள்ளையும் காலையில் உத்தியோகத்துக்குக் கிளம்பினால் இருட்டின பிறகுதான் திரும்புவார்கள். பேரனோ ஆகஸ்டு மாதமே வேறொரு மாகாணத்தில் கல்லூரியில் சேர்ந்து, விடுதிக்குப் போய்விட்டான். அந்த விடுதியில் பிராணிகளுக்கு இடம் கிடையாது. ஆகவே அவனுடைய செல்லப் பிராணி வீட்டிலேயே தங்கிவிட்டது.

நாயோ, பூனையோ என்று நினைத்துக் கொண்டு அவனுடைய அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி ஒன்றில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. உடம்பு கறுப்பு. கால்களின் முட்டிகளில் மாத்திரம் மருதாணி இட்டாற் போல் செம்மஞ்சள் நிறம். டாரன்டுலா என்று இந்த வகைக்குப் பெயர். மெக்ஸிகோ தேசத்தின் பசிபிக் கடற்கரைப் பக்கம் இதன் பூர்வீகம். ஒரு காலத்தில் காட்டிலிருந்து கூடை கூடையாகப் பிடித்து விற்றார்களாம். 1985-ம் வருஷத்தில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் வீட்டுச் சிலந்தி அமெரிக்காவிலேயே பெட்டியில் பிறந்து, பெட்டியில் வளர்ந்தது. பெயர் ரோஸா. என் மனைவி அதை ரோஜா என்றுதான் சொல்வாள்.

"தாத்தா, அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்கு ஞாபகமறதி. நீங்கள்தான் ரோஸாவைப் பார்த்துக் கொள்ள வேண்டும்" என்று பேரன் டெலிபோனில் கேட்டுக் கொண்டான். இந்த ஜாதியில் பெண் சிலந்தி 25 வருஷம் கூட உயிரோடு இருக்குமாம். ரோஸாவுக்கு அப்போது வயது 6, எனக்கு 72. மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்க வேண்டாம்.

சிலந்தியைப் பார்த்துக் கொள்வது ஒரு வேலையே அல்ல. சின்னத் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைக்க வேண்டும்; பத்து நாளைக்கு ஒரு தரம் ஒரு கரப்பான் போட வேண்டும். அவ்வளவுதான். வேலை முழுவதும் அந்தக் கரப்பானில் இருந்தது.

முன்னெல்லாம் இப்படிப்பட்ட சிலந்திகளுக்குச் சிள்வண்டைத்தான் போடுவார்களாம். சிள்வண்டு ராத்திரி முழுவதும் கத்தும், நாற்றம் அடிக்கும், வாங்கி வந்த நாலாம் நாள் பாதி செத்துக் கிடக்கும். போதாக்குறைக்கு 2010-ம் வருஷத்தை ஒட்டி ஒரு வைரஸ் நோய் பரவி, அமெரிக்காவின் சிள்வண்டுப் பண்ணைகள் பலவற்றை நாசம் செய்துவிட்டது. கரப்பானுக்கு யோகம் அடித்தது. அதிலும் 'டூபியா' என்ற தென் அமெரிக்கக் கரப்பான் பரம சாது. வழவழப்பான சுவரில் ஏறத் தெரியாது. ஆணுக்குச் சிறகு உண்டு. ஆனால் விழும்போது படபடவென்று அடித்துக் கொள்வதோடு சரி. பெண்ணுக்குச் சிறகு என்ற பெயரில் தோளில் இரண்டு துண்டு. குளிர்ப் பிரதேசத்தில் தப்பி ஓடினாலும் குடும்பம் பெருக்காது. உஷ்ணமான புளோரிடா மாகாணத்திலோ, தப்பிப் போய்ப் பெருகிவிடும் என்று பயந்து தடை விதித்திருக்கிறார்கள்.

வீட்டின் நிலவறையில் இவற்றின் வாசஸ்தலம் இருந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. மூடியில் சதுரமாக வெட்டிக் கம்பி வலை பதித்திருந்தது. உள்ளே முட்டை வைக்கும் அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கியிருந்தான். படுக்க வைத்தால் எச்சம் அதில் தங்கிவிடும். நிறுத்தி வைத்தால் அடியில் உதிர்ந்துவிடும். தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் விழுந்து செத்துப் போகும் என்பதற்காக, நீரை உறிஞ்சி வைத்துக் கொள்ளும் ஒரு வகைப் பளிங்குத் துண்டுகளைப் போட்டிருந்தான். தொட்டியின் ஒரு பக்கத்தில் மின்சாரத்தால் சுடும் விரிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து ஓர் அட்டையைத் தூக்கினேன். பழைய வெல்ல மண்டியில் மூட்டையைப் புரட்டினாற் போல் ஒரு சலசலப்பு. அப்படியே அட்டையைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு வந்து உட்கார்ந்து விட்டேன்.

முதலில் நான் செய்த தப்பிதம் சிக்கனத்தால் நேர்ந்தது. ராத்திரி முழுவதும் ஆளில்லாத அறையில் மின்சார விரிப்பு எரிவதா என்று, தூங்கப் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போவேன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்திலும் ஒரு குஞ்சு கூடக் கண்ணில் படவில்லை. பேரனிடம் சொன்னேன். "தாத்தா, அதற்கு 30 டிகிரிக்கு மேல் உஷ்ணம் இருந்தால்தான் குழந்தை குட்டி உண்டாகும். நீங்கள் அவற்றைக் குளிரில் போட்டு வைத்திருக்கிறீர்கள்" என்றான். கும்பகோணத்து உஷ்ணத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் நானே, கரப்பான்களுக்கு அதை மறுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து விரிப்பை அணைப்பதில்லை.

நம் வீட்டுக் கரப்பான் முட்டைப் பையை எங்கேயாவது அலமாரி மூலையில் விட்டுவிட்டுப் போய்விடும். டூபியா அப்படியல்ல. முட்டைப் பையை வெளியே நீட்டி, மறுபடியும் வயிற்றுக்குள் இழுத்துக் கொண்டு, சுமார் இரண்டு மாதம் சுமந்து, 20, 30 குஞ்சுகளாக உயிரோடு ஈனுகிறது. பிறந்த குஞ்சு அரிசியைக் காட்டிலும் சிறிது; தோல் உரித்த புதிதில் பால் போல் வெளுத்திருக்கும். இதைப் பார்க்கத்தான் என் மனைவி முதன் முதலாக நிலவறைக்கு இறங்கி வந்தாள்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசலில் எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில்தான் கோலம் போடுவாள். சுண்ணாம்புப் பொடியை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். இந்தக் கரப்பான் விவகாரத்தைக் கேட்டதும், "தின்னக் கொடுப்பதற்காக ஒரு ஜீவனை வளர்ப்பதா? இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் மறு நாள் காரட்டைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். "எத்தனை நாள் இருக்கப் போகிறதோ, இருக்கிற வரையில் நன்றாகச் சாப்பிடட்டும்" என்றாள். அது முதல் ஆரஞ்சுச் சுளையும் பூசணித் துண்டும் தவறாமல் நிலவறைக்குப் போயின. ஏகாதசியன்று சிலந்திக்கு ஆகாரம் போடக் கூடாது என்று மாத்திரம் ஒரு நிபந்தனை விதித்தாள். தொட்டியின் அடியில் சேரும் எச்சம் செடிகளுக்கு நல்ல உரம் என்று, அதைக் கூடத்தில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டேன். செடி செழித்தது. அந்தக் கறிவேப்பிலையை ரசத்தில் போட அவள் கடைசி வரை சம்மதிக்கவில்லை!

சிலந்திகளைப் பற்றிப் பேரன் சொன்னவற்றில் ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. உலகத்திலேயே அழகான நீல நிறச் சிலந்தி நம் பக்கத்தில்தான் இருக்கிறதாம். ஆந்திராவில் குத்தி என்னும் ஊரின் ரயில்வே மரக் கிடங்கில் அகப்பட்டதைக் கொண்டு, 1899-ம் வருஷம் போகாக் என்ற ஆங்கில விஞ்ஞானி அதை வருணித்தார். பிறகு ஒரு நூற்றாண்டு வரை அதைப் பற்றித் தகவலே இல்லை. 2001-ம் வருஷத்தில்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் மறுபடியும் கண்டார்கள். அந்த வம்சத்துச் சிலந்திகள் முழுவதுக்கும் 2019-ல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் எத்தனையோ தடவை நான் குத்தி ஸ்டேஷன் வழியாகப் போயிருக்கிறேன். ஒரு தடவையாவது ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்தேனா? நல்ல காப்பி கிடைக்குமா என்றுதான் பார்த்தேன்.

ஆகாரம் போடும் முறையைப் பேரன் முதல் நாளே விளக்கியிருந்தான். கரப்பானைச் சாமணத்தால் எடுத்து, தலையை ஒரு நசுக்கு நசுக்கி, பிறகு சிலந்தியின் முன்னால் போட வேண்டும். நசுக்காமல் போட்டால் அது மண்ணைத் தோண்டிக் கொண்டு மறைந்துவிடும். காலைக்குள் சிலந்தி தின்னாவிட்டால் கட்டாயம் வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டே விதிகள். முதலாவது விதி என்னால் முடியவில்லை. ஒரு தடவை சாமணத்தை எடுத்துக் கொண்டு போய்ப் பத்து நிமிஷம் நின்றேன். கை நடுங்கியது. காரட் தின்று வளர்ந்தது அல்லவா? நசுக்காமலே உள்ளே போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக் கொண்டேன். கொன்றது சிலந்தி, நான் அல்ல என்று மனத்துக்குச் சமாதானம். ரோஸா பசியோடு இருந்த வரையில் இது தெரியாமல் நடந்தது.

ஜனவரி மாதத்தில் ரோஸா சாப்பிடுவதை நிறுத்தியது. கரப்பான் முன்னால் ஓடினாலும் காலைத் தூக்கி விலகிக் கொண்டது. பின்புறம் ரோமம் உதிர்ந்து வழுக்கையாகி, அந்த இடம் நாளுக்கு நாள் கறுத்தது. தோல் உரிக்கப் போகிறது, மாதக் கணக்கில் கூடச் சாப்பிடாமல் இருக்கும், வற்புறுத்தாதீர்கள் என்று பேரன் சொன்னான். ஆனால் வீட்டில் ஒரு ஜீவன் பட்டினி கிடக்கும்போது நம்மவர்களால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? விருந்தாளி போதும் என்று இலையை மறைத்தாலும் ஒரு கரண்டி பரிமாறுகிற வம்சமல்லவா நாம்? பிப்ரவரி மாதம் ஒரு நாள் இரவு, ராத்திரியிலாவது பசிக்காதா என்று ஒரு பெரிய கரப்பானைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் ரோஸா மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் வானத்தைப் பார்த்திருந்தன. எனக்கு நெஞ்சு அடைத்தது. பேரனைக் கூப்பிட்டு, "குழந்தே, ரோஸா போய்விட்டது" என்றேன். அவன் செல்போன் திரையில் பார்த்துவிட்டு, "சாகவில்லை, தாத்தா. தோல் உரிக்கிறது, மல்லாந்துதான் உரிக்கும். தொடாதீர்கள்!" என்றான். பிறகு, "உள்ளே கரப்பான் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டான். நான் பேசவில்லை. "தாத்தா, இருக்கிறதா?" என்று மறுபடியும் கேட்டான்.

உரிக்கிற சமயத்தில் சிலந்தியின் உடம்பு வெண்ணெய் போல் இருக்கும். அதனால் ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. பசித்த கரப்பான் வந்து கொறித்தால் கொறித்ததுதான். கரப்பானோ மேலே எங்கும் காணோம். நீண்ட சாமணத்தால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறினேன். சிலந்திக்கு அதிர்ச்சி தட்டக் கூடாது. மூச்சுக் காற்றுக் கூடப் படக் கூடாது. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. என் மனைவி பின்னால் நின்று டார்ச் விளக்கைப் பிடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரோஸாவின் பக்கத்திலேயே, மரப்பட்டையின் கீழ் அது பதுங்கியிருந்தது. எடுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் ரோஸா பழைய சட்டையிலிருந்து முழுவதும் வெளியே வந்தது. முட்டிகள் புதுச் செம்மையோடு பளபளத்தன. நச்சுப் பற்கள் வெள்ளை வெளேரென்றிருந்தன. என் மனைவிதான் எண்ணினாள். "ஏழுதான் இருக்கிறது" என்றாள்.

பேரன் கோபிக்கவில்லை. உரிக்கும்போது கால் சிக்கிக் கொண்டால் சிலந்தியே அதைக் கழற்றிவிடுவதும் உண்டு, கரப்பான்தான் காரணம் என்று சொல்ல முடியாது, அடுத்த தடவை உரிக்கும்போது கால் மறுபடி முளைக்கும் என்றான். அவ்வளவும் என்னைத் தேற்றுவதற்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். பல் இறுகட்டும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். அப்புறம் போட்ட முதல் கரப்பானின் தலையை நான் நசுக்கினேன். அன்று என் மனைவி காரட் நறுக்கிக் கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. ஏப்ரல் மாதம் நாங்கள் ஊர் திரும்பும் வரையில் அப்படியேதான் செய்தேன்.

2024-ம் வருஷம் ஜூலை மாதம் பேரன் ஒரு படம் அனுப்பினான். ரோஸா மறுபடி தோல் உரித்திருந்தது. மற்றக் கால்களைவிடச் சற்று மெலிந்து, குட்டையாக, வெளிறின நிறத்தில் புதுக் கால் ஒன்று தெரிந்தது. என் மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு வெகு நேரம் பார்த்தாள், விரலால் எண்ணினாள்.

"கரப்பான்களுக்கு இப்போது யார் காரட் நறுக்குகிறார்கள் என்று கேளுங்கள்" என்றாள்.

கேட்டேன். மாப்பிள்ளைதான் நறுக்குகிறாராம். தோல் சீவுவதில்லையாம். அது அவளுக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.