சங்கு ஓய்ந்த ஊர்

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. கையில் சாப்பாட்டுப் பையோடு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயிலில் இடம் தேடுகிறார்கள். சுமார் 100 கி.மீ. பயணம். இரவு திரும்பி, மறுநாள் விடியலில் மீண்டும் அதே ஓட்டம். இவர்களுடைய தாத்தாக்களுக்கு ரயில் தேவைப்படவில்லை. ஷிஃப்ட் சங்கு ஊதியதும் இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கினார்கள்.

கோலார் தங்கவயலில் 1880இல் கால்வைத்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். பாறை உடைக்க வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர்களுக்கு இங்கே மாதச் சம்பளம் கிடைத்தது. பிறகு சங்கமும் வந்தது. அதற்குக் கொடுத்த விலை அதிகம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம் போனது. பாறை வெடிப்பில் பலர் இறந்தார்கள். தப்பியவர்கள் பலரின் நுரையீரலில் பாறைத்தூசி படிந்தது.

ஒரு காலத்தில் பெங்களூரைவிட முன்னால் நின்ற ஊர் இது. சிவசமுத்திரத்தில் தயாரான காவிரி மின்சாரம் 1902இல் முதலில் வந்தது தங்கவயல் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர் தெருவிளக்குகள் அந்த மின்சாரத்துக்காக 1905 வரை காத்திருந்தன.

பிறகு தங்கம் குறைந்தது, ஆழம் கூடியது. தோண்டும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியது. 1956இல் மைசூர் அரசிடமும் 1962இல் மத்திய அரசிடமும் கைமாறிய சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் வெளியே போன தங்கம் ஏறத்தாழ 800 டன். ஊருக்கு மிஞ்சியது தண்ணீர் நிரம்பிய சுரங்கங்களும், காற்றடித்தால் தூசி பறக்கும் சயனைடு மேடுகளும்தான்.

ஆனாலும் ஜனங்கள் போய்விடவில்லை. பெங்களூரில் வேலை உண்டு, ஆனால் வாடகை கட்டாது. தாத்தா விட்டுவந்த கிராமத்தில் இவர்களுக்கு நிலமும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. நான்கு தலைமுறையாகப் பிறந்து, மணமுடித்து, புதைந்த மண் இந்த லைன் வீடுகளைச் சுற்றித்தான். தங்கம் இருந்தவரை அரசுக்கு இது சுரங்கம். இவர்களுக்கோ எப்போதும் ஊர். சுரங்கத்தை மூட ஓர் உத்தரவு போதுமாக இருந்தது. ஊரை என்ன செய்வது என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. அதற்கான பதிலை தினமும் விடியற்காலை ரயிலேறி இவர்களே தேடிக்கொள்கிறார்கள்.