எண்ணிப் பார்த்த அரசன்

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஓர் அரசனைப் பற்றிப் பேசுகிறார். இருபதாயிரம் பேருடன் தன்மேல் வருகிறவனைப் பத்தாயிரம் பேரைக் கொண்டு எதிர்க்க இயலுமா என்று அவன் முதலில் உட்கார்ந்து ஆராய்கிறான். இயலாது எனக் கண்டால், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பி அமைதிக்கு வழி தேடுகிறான். சீடராவதற்குரிய விலையை எண்ணிப் பார்க்கச் சொல்லும் உவமை இது. மறையுரைகளில் பலமுறை கேட்ட இந்த உவமையை, ஒரு போர் விளையாட்டின் விதிகளைக் கற்றபோது நான் புதிதாய் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

அமெரிக்காவில் பயிலும் என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்தபோது அவ்விளையாட்டைக் கொணர்ந்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் நடந்த பெரும்போரே அதன் பொருள். அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட வரைபடம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு அட்டைத் துண்டுகள், ஒரு பகடை. சதுரங்கம் போல் இருவரும் மாறி மாறி ஆட வேண்டும். "வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும் மாமா" என்றான்.

உண்மையில் அவ்வளவுதான். ஒவ்வோர் அட்டைத் துண்டிலும் அப்படையின் வலிமை எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தாக்குவோரின் எண்களைக் கூட்டி, தற்காப்போரின் எண்ணால் வகுக்க வேண்டும். 14ஐ 5 எதிர்த்தால் விகிதம் 2க்கு 1; மீதி தற்காப்போருக்கே சாதகமாகக் கழிக்கப்படும். தற்காப்போர் குன்றின்மேல் நின்றால் அவர்தம் 5 இரட்டித்து 10 ஆகும். விகிதமோ 1க்கு 1 ஆகச் சுருங்கும். பிறகு பகடையை உருட்டி அட்டவணையைப் பார்க்க வேண்டும். தற்காப்போர் அழிவர், அல்லது பின்வாங்குவர். சில வேளைகளில் தாக்கியவரே அழிவர். 'பரிமாற்றம்' என்றொரு விளைவும் உண்டு. அது விழுந்தால் தற்காப்போர் முற்றிலும் அகற்றப்படுவர். தாக்கியவரும் அதே அளவு வலிமையை இழந்தாக வேண்டும். 3க்கு 1 என்ற விகிதம் கிடைத்துவிட்டால் தாக்குவோர் அடியோடு அழியும் அச்சம் இல்லை. ஆகவே கற்கத் தொடங்குபவர் கண்கள் எப்போதும் அந்த விகிதத்தையே தேடி அலைகின்றன. என் கண்களும் அலைந்தன.

இக்கணக்கு நேற்றுத் தோன்றியதன்று. பிரஷ்ய நாட்டின் இளம் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல், தம் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைப் பகடையும் அட்டவணைகளும் கொண்டு சீர்ப்படுத்தி, படை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றதாக்கினார். அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் வெளியிட்ட விளையாட்டின் வழியாக இந்த விகித அட்டவணை பொதுமக்களின் இல்லங்களுக்குள் வந்தது.

இரண்டாம் நாள் மாலை மருமகனிடம் கேட்டேன்: "தூதரை அனுப்ப விதி உண்டா?" அவன் சிறிது யோசித்துவிட்டு, "இல்லை மாமா. ஆட்டம் தொடங்கும்போதே போர் தொடங்கிவிட்டதே" என்றான். அந்த விடை என் மனத்தில் தங்கிவிட்டது. நற்செய்தியின் அரசனும் கணக்குத்தான் பார்க்கிறான். அவனுக்கு வாய்த்த விகிதம் 1க்கு 2. ஆனால் எதிரி தொலைவில் இருக்கும்போதே அவன் எண்ணுகிறான். இரு படைகளும் அடுத்தடுத்த கட்டங்களுக்கு வந்துவிட்ட பிறகு, எஞ்சியிருப்பது அட்டவணை ஒன்றே.

அத்தகைய நேரத்திலும் ஒரு குரு தம் கடமையைச் செய்தார். 1863 ஜூலை 2 அன்று, பெரும்பாலும் கத்தோலிக்கர்களைக் கொண்ட ஐரிஷ் படையணி, கெட்டிஸ்பர்க்கின் கோதுமை வயலுக்குள் செல்லக் கட்டளை பெற்றது. அணியில் இருந்தோர் ஏறத்தாழ 530 பேர். அவர்களின் ஆன்மகுருவான, திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த அருள்தந்தை வில்லியம் கார்பி ஒரு பாறைமேல் ஏறி நின்று, வலக்கையை உயர்த்திப் பொதுப் பாவமன்னிப்பு வழங்கினார். வீரர்கள் முழந்தாளிட்டனர். அருகில் நின்ற தளபதி ஹான்காக் தொப்பியைக் கழற்றித் தலைவணங்கினார். அன்று அவ்வணியில் கொல்லப்பட்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறத்தாழ 200 பேர். அம்மன்னிப்பு தம் படையணிக்கு மட்டுமன்றி, வடக்கர் தெற்கர் என்ற வேறுபாடின்றி, இறைவன் திருமுன் நிற்கவிருந்த எல்லாருக்காகவும் தரப்பட்டது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 1910இல் அக்களத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது; உயர்த்திய வலக்கையுடன் அது இன்றும் நிற்கிறது.

பகடை உருட்டுபவருக்கு ஐரிஷ் படையணி ஓர் எண். எதிரே நிற்பவர்களும் ஓர் எண். விளையாட்டுக்கு அது போதும். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் அன்பர்களே, நம் இல்லங்களில் சொத்துப் பிணக்கு எழும்போதும், பங்கில் இரு பிரிவினர் முரண்படும்போதும் நாமும் எண்ணத் தொடங்குகிறோம். நம் பக்கம் எத்தனை பேர், அவர்கள் பக்கம் எத்தனை பேர் என்று 3க்கு 1ஐத் தேடுகிறோம். எண்ணுவதை ஆண்டவர் தடுக்கவில்லை. எண்ணி முடித்ததும், உடன்பிறந்தவன் இன்னும் தொலைவில் இருக்கும்போதே, அவனிடம் யாரைத் தூது அனுப்பலாம் என்றும் நாம் சிந்திப்போமாக.