வரையச் சொல்லுங்கள்

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நிரல் எழுதத் தெரியும். பிறர் எழுதியதை வாசித்துப் பழக்கம் இருக்காது. பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த நூற்றுக்கணக்கான கோப்புகளை முன்னால் வைத்துவிட்டு "படிச்சுப் பாரு" என்றால் திகைத்துத்தான் போவார்கள். மயிலாடியில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் எனக்கு, இவர்களைப் பழக்குவதும் ஒரு பொறுப்பு. "அண்ணே, எந்த ஃபைல்ல இருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்பார்கள். தாளும் பென்சிலும் எடுத்து, மென்பொருளைப் படமாக வரையச் சொல்வேன்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்தால் ஒன்றும் விளங்காது. சைமன் பிரவுன் வகுத்த சி4 முறை படத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: முதலில் மென்பொருளும் அதைப் பயன்படுத்துகிறவர்களும், அடுத்து தனித்தனியே இயங்கும் செயலிகளும் தரவுத்தளங்களும், பிறகு அவற்றின் உள்ளுறுப்புகள், கடைசியில் நிரல். முதல் வாரத்துக்கு முதல் இரண்டு நிலைகளே போதும்.

அதன்பின், நிரலுக்குள் ஓர் உள்ளீடு செல்லும் ஒரே ஒரு பாதையைத் தொடர வேண்டும். இதைப் பழக, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி நல்ல இடம். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 'பதிப்பி 2 + 3' என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி, சொற்களை மரமாக அடுக்கும் பகுதி, அந்த மரத்தில் ஏறியிறங்கிக் கணக்கிடும் பகுதி என்று மூன்று கட்டங்கள், நடுவே அம்புகள். 5 திரையில் வருவதற்குள் எந்தக் கோப்பு எதற்கென்று பிடிபட்டுவிடும்.

படத்தை நாமே வரைந்து கொடுத்தால் தலையாட்டுவார்கள். அவர்கள் வரைந்தால்தான் எது புரியவில்லை என்பது தெரியும். பணம் செலுத்தும் பகுதியை வரைந்த ஒரு தம்பி, நம் சர்வரிலிருந்து கட்டண நிறுவனத்துக்கு அம்பு போட்டு நிறுத்தியிருந்தான். பணம் சேர்ந்ததும் அவர்கள் தாமாக நம் சர்வரை அழைத்துச் சொல்லும் பாதை அதில் இல்லை. விடுபட்ட அந்த ஓர் அம்பைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேசினோம். ஒரு மென்பொருளைப் பற்றிய உண்மையான அறிவு அதைக் கட்டியவர்களின் மனத்தில்தான் இருக்கிறது என்று 1985 இல் கணினி அறிஞர் பீட்டர் நௌர் எழுதினார். அந்த அறிவு கைமாறுவது இப்படிப்பட்ட பேச்சில்தான்.

எங்கள் ஊர்ச் சிற்பிகள் கல்லில் கோடு போட்டுத்தான் உளி வைக்கிறார்கள். கொத்தக் கொத்த அந்தக் கோடு சில்லோடு போய்விடும். மறுபடி அளந்து மறுபடி போடுவார்கள். நிரலும் மாறிக்கொண்டே இருப்பதால் அதன் படத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும். மெர்மெய்டு போன்ற கருவிகளில் படத்தையே எழுத்தாக எழுதி நிரலோடு சேர்த்து வைக்கலாம்; நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 முதல் அதை நேரடியாகப் படமாகக் காட்டுகிறது. நிரலைத் திருத்துகிறவர் அதே கையோடு படத்தையும் திருத்தலாம்.

ஆகவே, புதியவருக்கு முதல் வேலையாகப் பழைய படத்தைக் கொடுத்து, நிரலோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அவர் கற்றுக்கொள்வார், அடுத்து வருகிறவருக்குச் சரியான படமும் கிடைக்கும்.