நீர்கொழும்பிலே காய்கறி உண்ணும் மீன்கள்

நீர்கொழும்புக்குச் செல்வோர் பெரும்பாலும் மீன் வாங்கவே செல்வர். நாமோ, வீட்டிலிருக்கும் ஒரு மீனுக்கு உண்பதற்கு என்ன கொடுப்பது என்று கேட்டு வரப் புறப்பட்டோம். வெள்ளவத்தையில் எமது அயலவர்கள் இதைக் கேட்டு நகைத்ததில் வியப்பில்லை.

ஆயினும் எம் பத்து வயது மகனுக்கு அது நகைப்புக்குரிய காரியமாயிருக்கவில்லை. முந்திய ஆண்டிலே, கொழும்பிலுள்ள கடையொன்றில் அவனுக்கு ஓர் உறிஞ்சுவாய் மீன் வாங்கிக் கொடுத்திருந்தோம். வளர்ப்போர் இதனை 'டாங்க் கிளீனர்' என்பர். கண்ணாடியிலே வாயை ஒட்டிக்கொண்டு, உடலெங்கும் எலும்புத் தகடுகள் போர்த்தி, சிறு முதலையைப் போன்று தோன்றும் கருநிற மீன் அது. "இதற்குத் தனியாக உணவு வேண்டியதில்லை, தொட்டியின் அழுக்கைத் தின்றே வாழும்" என்றார் கடைக்காரர். நாமும் நம்பினோம். செலவில்லாத ஒரு துப்புரவுத் தொழிலாளி வீட்டுக்கு வந்துவிட்டதென மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. மூன்றாம் மாதம் அம்மீன் இறந்தது. பகலெல்லாம் அசைவற்றுக் கிடப்பதே அதன் இயல்பாதலால், அது இறந்ததையே நாம் மறுநாள்தான் அறிந்தோம். வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. "பசியாலா அப்பா செத்தது?" என்று மகன் கேட்ட கேள்விக்கு அன்று நாம் மறுமொழி கூறவில்லை.

பின்னர் அவனுடைய தாய்மாமன் அதே இனத்தில் வேறொரு மீனை வாங்கி வந்து தந்தார். அதன் வயிறும் மெல்ல உள்வாங்கத் தொடங்கியதைக் கண்ட பின்னரே, நீர்கொழும்பில் அலங்கார மீன் வளர்க்கும் ஒரு பெரியவரைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னது எம் நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து புத்தளப் பாதையில் செல்லும் வண்டியில் ஏறினோம். றாகமையிலே பெரிய பாதையை விட்டுப் பிரிந்து, ஜா-எல, சீதுவை, கட்டுநாயக்க என்று தென்னந்தோப்புகளினூடே வண்டி ஊர்ந்தது. இறங்கியதும் முதலில் கடற்கரைக்குச் சென்றோம். மணலில் விரித்த பாய்களின்மீது கருவாடு காய்ந்து கொண்டிருந்தது. அதன் மணம் எமது உடைகளில் ஏறி, வீடு திரும்பும்வரை கூடவே வந்தது. ஒல்லாந்தர் கோட்டையின் எஞ்சிய வாயிலில் 1678 என்று பொறித்திருப்பதை மகனுக்குக் காட்டினோம். அவன் ஒருமுறை பார்த்துவிட்டு, "மீன் மாமா வீடு எங்கே?" என்றான். வரலாறு பிறகாகட்டும் என்று நடந்தோம்.

பெரியவர் முன்னாளிலே களப்பில் வலை வீசியவர். தமிழும் சிங்களமும் அவர் நாவில் ஒரே மூச்சில் கலந்து வரும். வீட்டின் பின்புறத்தில், மீன்கொத்திக்கு அஞ்சி வலை போர்த்திய சீமெந்துத் தொட்டிகள் வரிசையாயிருந்தன. எமது கதையைக் கேட்டவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு மகனின் தோளைத் தொட்டு, "தம்பி, வீட்டைக் கூட்டுகிற ஆளுக்குக் குப்பையைத் தின்னச் சொல்வார்களா?" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. உறிஞ்சுவாய் மீன்களின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆறுகள். 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் என்னும் சுவீடிய அறிஞர் இக்குலத்து மீன் ஒன்றுக்குப் பெயரிட்டு நூலில் பதித்துவிட்டார். அங்கே வெள்ளத்தில் ஆழ்ந்த மரக்கட்டைகளிலும் கற்களிலும் படரும் பாசியையும், அப்பாசியில் வாழும் நுண்ணுயிர்களையும் இவை தம் அரம் போன்ற பற்களால் இரவெல்லாம் சுரண்டி உண்கின்றன. தழையுணவிலே சத்துக் குறைவாதலால், அதனைச் சமிக்க நீண்ட குடல் சுருள் சுருளாய் வயிற்றினுள் அமைந்துள்ளது. வீட்டுத் தொட்டியின் கண்ணாடியில் படரும் பாசியோ சில நாள் உணவுக்கே காணாது. ஏனைய மீன்களின் கழிவை இவை உண்பதுமில்லை. உண்மையில், இவை இடும் கழிவு மற்ற மீன்களுடையதிலும் மிகுதி! துப்புரவாளன் என்ற பெயர் எத்துணைப் பொய் என்பது அப்போதே எமக்கு விளங்கியது.

அவ்வேளையில் அவருடைய மனைவியார் குசினியிலிருந்து ஒரு தட்டோடு வந்தார். விரற்கடைக் கனத்தில் வட்டமாய் அரிந்த வெள்ளரிக்காய், ஓரம் பச்சையாய் இருக்கும் பூசணித் துண்டுகள், ஒரு பிடி கங்குன், உரித்த பட்டாணி ஆகியன அதில் இருந்தன. எமக்குத்தான் பலகாரம் வருகிறதென எண்ணிய மகன் சற்று ஏமாந்தான். எல்லாம் மீன்களுக்கே!

"பச்சையாய்ப் போட்டால் மிதக்கும், பூசணி போன்றவை கடினமாயுமிருக்கும். கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்நீரில் ஆற்ற வேண்டும், ஐயா" என்று அந்த அம்மையார் எமக்குக் கற்பித்தார். அவ்வாறு செய்தால் காயின் திசுக்கள் இளகும். உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதால் எளிதில் அமிழும். உப்பும் எண்ணெயும் மசாலாவும் அணுவளவும் கூடா. சந்தையில் வாங்கும் கீரையில் பூச்சிமருந்து இருக்குமாதலின் பலமுறை அலசிய பின்னரே இட வேண்டும். கங்குன் நீரிலேயே வளரும் கீரை என்பதால் அது மீனுக்கு நல்லதென்று நாம் எளிதாய் முடிவு கட்டினோம். அம்மையாரோ, எந்த நீரில் வளர்ந்தது என்று முதலில் கேளுங்கள் என்றார். சாக்கடை ஓரத்துக் கங்குனை அவர் தம் மீனுக்குக் கொடுப்பதில்லை. தம் வீட்டாருக்கும் கொடுப்பதில்லையாம்.

அமிழ்த்தும் முறைதான் எம்மை மிகவும் கவர்ந்தது. துருப்பிடிக்காத உருக்கு முட்கரண்டியைத் துண்டிலே குத்தித் தொட்டியின் அடியிலே வைத்தார், அவ்வளவுதான். ஈயக்கட்டி, செப்புக்கம்பி முதலியவற்றை இதற்குப் பயன்படுத்தலாகாதென எச்சரித்தார். செம்பு நீரில் கரைந்தால் மீனுக்கு நஞ்சு.

"வைத்ததை மறந்து விடாதே, தம்பி. மாலையில் வை, காலையில் எடு. அழுகிய காய் நீரைக் கெடுத்தால், பசியால் சாகாத மீன் அதனால் சாகும்" என்றார் பெரியவர். முதல் நாளே உண்ணாவிட்டால் மனம் சோர வேண்டாம் என்றும், புதிய உணவை உணவென்று அறிய அவற்றிற்குச் சில நாட்கள் ஆகுமென்றும் கூறினார். வெள்ளரிக்காயில் பெரும்பகுதி நீரே. ஆதலால் அதை மட்டும் கொடுத்து வளர்ப்பது நோயாளிக்குக் கஞ்சித்தண்ணீர் மட்டும் கொடுப்பது போலாகும். பாசி கலந்து செய்த வில்லை உணவையும் இடையிடையே இட வேண்டும். சுரண்டுவதற்கு ஒரு மரக்கட்டையும் தொட்டியில் கிடக்க வேண்டும்.

பக்கத்துத் தொட்டியில் மீசை முளைத்த சிறு மீன்கள் கூட்டமாய் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. கொரிடோராஸ் என்பது அவற்றின் பெயர். அவையும் அடித்தளத்து மீன்கள்தாமே, அவற்றுக்கும் வெள்ளரிக்காய் இடலாமா என்று வினவினோம். அவை புழு பூச்சி தேடும் இனம். காயைக் கொத்திப் பார்க்குமேயன்றி அதனால் உயிர் வாழா என்றார். அடியிலே கிடப்பவரெல்லாம் ஒரே சாதியென்று எண்ணியது எமது பிழை.

மற்றொரு தொட்டியில், மூங்கில் குழாய் ஒன்றினுள் முகமெல்லாம் மீசை படர்ந்த ஆண் மீனொன்று செம்மஞ்சள் நிற முட்டைகளைக் காத்துக்கொண்டு செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. இந்தச் சிற்றினத்தில் முட்டை காப்பது தந்தையின் கடமையாம். மகன் எம்மை ஒரு பார்வை பார்த்தான். இறந்துபோன மீனை அவன் மறக்கவில்லை என்பதை அப்பார்வை கூறியது.

புறப்படும்போது பெரியவர் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். எமது வீட்டிலிருப்பது சிற்றினமன்று. முறையாய் உணவு கிடைத்தால் சில ஆண்டுகளில் ஓரடியைத் தாண்டும். அப்போது இரண்டடித் தொட்டி காணாது. பலர் இந்நிலையில் இரக்கப்பட்டு மீனை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விட்டவை எமது நாட்டு நீர்நிலைகளிலும் இன்று வலையில் அகப்படுகின்றன. கரையைக் குடைந்து வளை தோண்டுவதும், உள்ளூர் மீன்களின் உணவைப் பறிப்பதும் அவற்றின் வேலை. மெக்சிக்கோவிலே இன்ஃபியர்னில்லோ என்னும் நீர்த்தேக்கத்தில் இவை பெருகி, திலாப்பியா மீனை நம்பியிருந்த வலைஞரின் பிழைப்பையே கெடுத்தன. "பட்டினி போட்டுக் கொல்வதும் தவறு; குளத்தில் விடுவதும் தவறு. வளர்ந்தால் என்னிடம் கொண்டு வா" என்று மகனிடம் சொன்னார். களப்பை நம்பி வாழ்ந்தவரின் வாயிலிருந்து வந்ததாகையால் அச்சொல் எம் மனத்தில் ஆழப் பதிந்தது.

வீடு திரும்பிய அன்றிரவே ஒரு வெள்ளரி வட்டத்தை முட்கரண்டியில் குத்தி வைத்தோம். காலையில் அது வைத்தபடியே இருந்தது. இரண்டாம் இரவும் அவ்வாறே. மகன் உணவு உண்ண மறுத்து, அம்மாவிடம் ஏச்சு வாங்கினான். மூன்றாம் இரவு பத்து மணியளவில் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் தாள் கொண்டு மறைத்துப் பார்த்தோம். கரிய உருவம் வட்டத்தின்மீது குடைபோல் கவிந்து கிடந்தது. உதடுகள் இடைவிடாது அசைந்துகொண்டிருந்தன. விடியும்போது முட்கரண்டியில் பச்சைத் தோல் வளையம் மட்டுமே எஞ்சியிருந்தது. மகன் அதைக் கழுவி, தன் கணிதக் கொப்பியின் நடுவே வைத்துக் காய விட்டான்.

இப்போது சந்தைக்குச் செல்லும் நாட்களில் இல்லாள் வெள்ளரிக்காய் ஒன்று கூடுதலாகவே வாங்குகிறார். மீனின் வயிறு நிரம்பிவிட்டது. சென்ற வாரம் மகன் அடிமட்டத்தைக் கண்ணாடியோடு வைத்து அளந்து, 14 சென்றிமீற்றர் என்று நாட்காட்டியில் எழுதினான். அதன் கீழே, நீர்கொழும்புப் பெரியவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறான்.